வாசல் இடம்

விருதுநகர்
22.6.2003

அன்புத் தங்கை தஹ்மீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சானும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். நவ்ஷாத் தம்பியின் முதுகு வலி குறைந்ததா? நஸ்ரினுக்குச் சளி விட்டதா? இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரும் தகப்பனை நீ கொஞ்சம் அதட்டலாம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீட்டுக்கும் உன் மச்சானின் மண்டிக்கும் ஒரே லைன். நாம் பேசும்போது பாதியில் யாராவது அங்கே ரிசீவரை எடுத்து, "அண்ணாச்சி, மல்லி வந்துருச்சா?" என்கிறார்கள். போன தடவை உன் மாமியாரைப் பற்றி நீ சொன்னதை ஒரு லாரி டிரைவர் முழுவதும் கேட்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். இங்கே ஒரு கல்லூரியில் இந்த மாதத்திலிருந்து இரண்டாம் சனிக்கிழமைதோறும் சமூக அறிவியல் விரிவுரை வைக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் எம்.ஏ. மாணவர்கள் வருகிறார்கள், மதுரையிலிருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகளும் பஸ் ஏறி வருகிறார்கள். ஊர்க்காரர்களும் உட்காரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. போனேன். ஊர்க்காரர்களில் நான் ஒருத்திதான். பேச்சு முடிந்ததும் முதல் கேள்வி, "சார், இது பரீட்சைக்கு வருமா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கு, இருபத்து நான்கு வருடத்துக்கு முன் பி.ஏ. பொருளாதார வகுப்பில் சன்னலோரம் உட்கார்ந்த மெகருன்னிசா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

நடத்துகிறவர் ராஜபாண்டியன் என்ற பேராசிரியர். என் தங்கை சென்னையில் சமூகவியல் விரிவுரையாளர் என்றேன். உன் கட்டுரையைப் படித்திருக்கிறாராம். நவம்பர் எட்டாம் தேதி நீ வந்து பேச முடியுமா என்று கேட்கச் சொன்னார். தமிழில் பேச வேண்டும். யோசித்து எழுது.

துஆவுடன்,
உன் அக்கா மெகருன்னிசா


சென்னை
6.7.2003

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மூவரும் நலம். நவ்ஷாதை அதட்டினேன். ஐஸ்கிரீமை இப்போது எனக்குத் தெரியாமல் வாங்கித் தருகிறார்.

கட்டாயம் வருகிறேன் என்று சாரிடம் சொல்லுங்கள். நவம்பர் பத்தாம் தேதி இங்கே விரிவுரையாளருக்கு அடுத்த ரீடர் பதவிக்கு நேர்காணல் இருக்கிறது. எட்டாம் தேதி பேசிவிட்டு அன்றே திரும்ப வேண்டும். பேச்சை முன்பே சிறு புத்தகமாக அச்சிட்டால் நேர்காணலிலும் வைக்கலாம். ஏழு வருடமாக இந்தப் பதவிக்குக் காத்திருக்கிறேன் அக்கா.

தலைப்பு 'முதுகுகளின் சமூகம்'. ஐந்து வருடத்துக்கு முன் ஆய்வேட்டுக்காக எம். புதுப்பட்டி பட்டாசுத் தொழிற்சாலையில் பதினோரு நாள் நான் பார்த்ததுதான். சரம் பின்னும் அறையில் நான்கு பெண்கள். நால்வரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு இல்லை. ஆபத்தான வேலை மனிதர்களை எப்படித் தனித்தனியாகப் பிரித்துப் போடுகிறது என்பதுதான் என் வாதம். டெல்லி கருத்தரங்கில் இந்தப் பெயருக்கே கைதட்டினார்கள். இப்போது மற்றவர்களும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஒரே தடங்கல், எனக்கு இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகிறது. முப்பது பக்கம் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நீங்கள் தமிழில் எழுதித் தருவீர்களா? உங்கள் தமிழைக் கேட்டுத்தானே நான் வளர்ந்தேன்.

மச்சானுக்கு என் சலாம்.

உங்கள் தஹ்மீனா


விருதுநகர்
3.8.2003

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகத்துக்குக் குறைவில்லை. வெயில்தான் ஆடி பிறந்த பிறகும் போக மனமில்லாமல் நிற்கிறது.

முப்பது பக்கமும் வந்தன. மதியம் இரண்டு மணிக்கு மேல் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்காருகிறேன். உன் மச்சான் நேற்று வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மெகரு, எனக்கு ஒரு கடுதாசி எழுதச் சொன்னா கை வலிக்குதும்ப. கொழுந்தியாளுக்கு மட்டும் கை வலிக்கலையோ?" என்றார். பிறகு அவரே மண்டியிலிருந்து நல்ல தாளாக இரண்டு கட்டு எடுத்துவந்து வைத்தார்.

பதினெட்டுப் பக்கம் முடித்துவிட்டேன். நீ 'தொழிற்சாலை' என்று எழுதிய இடங்களில் எல்லாம் 'பட்டாசு ஆபீஸ்' என்று போட்டேன். இங்கே வேறு எப்படிச் சொன்னாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஒரு பக்கத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. நீ முதல் நாள் அறைக்குள் போனதும், வாசலோரம் இருந்த பெண் முகம் கொடுக்காமல் எழுந்து உள்ளே போனாள், உன்னை அந்த வாசலோரம் காட்டி உட்காரச் சொன்னாள், ஆராய வந்தவளையும் விளிம்பில் ஒதுக்கி வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஆங்கிலத்தில் படிக்கும்போது சரியாக இருக்கிறது. தமிழில் எழுதினால் யாரோ பக்கத்தில் நின்று, "அப்படியா நடந்துச்சு?" என்று கேட்பதுபோல இருக்கிறது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதினோரு நாளும் அத்தாவின் கட்டளைப்படி உனக்குத் துணையாக வந்து, வாட்ச்மேன் அறையில் பழைய வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவள் நான். உள்ளே நடந்தது உனக்குத்தான் தெரியும்.

அந்த நால்வரில் ஒருத்தி, நமக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்த முருகம்மாளை நினைவிருக்கிறதா? வத்தல், மல்லி வாங்க இன்னும் நம் மண்டிக்கு வருகிறாள். வந்தால் வீட்டுக்கும் வந்து டீ குடித்துவிட்டுத்தான் போவாள். அவளிடம் கேட்கட்டுமா?

நஸ்ரினுக்கு முத்தங்கள்.

அக்கா


சென்னை
17.8.2003

அன்புள்ள அக்கா,

சலாம். எல்லோரும் நலம். விடைத்தாள் திருத்தும் வேலை இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

'பட்டாசு ஆபீஸ்' அருமை. வாசல் பக்கத்தை மட்டும் மாற்ற வேண்டாம். பேச்சுக்கே உயிர் அந்த ஒரு பக்கம்தான். கேட்கிறவர்கள் அங்கேதான் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் என் கண்ணால் பார்த்து அன்றே நோட்டில் எழுதியது அது.

முருகம்மாளிடம் கேட்பதென்றால் கேளுங்கள். ஆனால் ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் யாரும் தங்களுக்கு நல்லதாகத்தான் சொல்வார்கள். ஆராய்ச்சியில் இதற்குத் தனிப் பெயரே உண்டு.

மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள், பாவம்.

தஹ்மீனா


விருதுநகர்
7.9.2003

அன்புள்ள தஹ்மீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் மச்சானுக்குக் கடிதம் எழுதி மண்டிக்கே தபாலில் அனுப்பினேன். கணக்கப்பிள்ளை பிரித்துப் படித்துவிட்டார். இரண்டு நாளாக அவர் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை முருகம்மாள் வந்தாள். சீசன் வேலை, ஆறு நாளும் ஓவர்டைம். விரல் நுனியெல்லாம் வெள்ளி மருந்து. டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"முருகம்மா, ஆபீஸ்ல நீங்க நாலு பேரும் ஏன் ஒருத்தருக்கொருத்தர் முதுகக் காட்டி உக்காருறீக?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யக்கா, அந்த அறைக்கு எதுத்தெதுத்தாப்புல ரெண்டு வாசல். எல்லாரும் வாசலப் பாத்துத்தான் இருக்கணும். மூஞ்சிக்கு மூஞ்சி உக்காந்தா ஒருத்தி வாசலுக்கு முதுகக் காட்டணும்ல. எவ காட்டுவா? நீங்க காட்டுவீகளா?"

"பேசவும் மாட்டீகளாமே?"

"யாரு, நாங்களா?" டீ புரை ஏறிவிட்டது அவளுக்கு. "காலையில வேன்ல ஏறுனா சாயங்காலம் எறங்குற வரைக்கும் வாய் மூடாது. ஒங்க தங்கச்சி வந்து நோட்டத் தொறந்தாகல்ல, அப்பத்தான் மூடுனோம். அவுக போனதும் சேத்து வெச்சுப் பேசுனோம்."

பிறகு வாசலோரத்து இடத்தைப் பற்றிக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெக்கு வாசல் பொட்டலப் பாத்துத் தொறக்கும். எதுவும்னா மொதல்ல ஓடுறவ அந்த வாசல்ல இருக்கவதான். அது பால் குடுக்குறவளுக்குள்ள எடம். அவளுக்கும் மேல, வயித்துல பிள்ள இருக்கவளுக்கு. யாரும் சொல்லிக் குடுக்கல. போர்மேனுக்கே தெரியாது. நாங்களா எந்திரிச்சு மாறிக்கிருவோம். ஒங்க தங்கச்சி வந்தப்ப அங்கன இருந்தது அய்யம்மா. அவ மூணு மாசப் பிள்ளைக்காரி."

இதுதான் அவள் சொன்னது. நீ சொன்ன ஆராய்ச்சிப் பெயர் இதற்குப் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு நம்பத் தோன்றியது.

உன் பேச்சில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பது உன் விருப்பம். கேட்டதை உன்னிடம் சொல்லாமல் அந்தப் பக்கத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

இங்கே நேற்று ஒரு தூறல். ஆனைக்குட்டம் அணையில் தண்ணீரே இல்லையாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


விருதுநகர்
5.10.2003

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் மூவரும் சுகம்தானே? நான்கு வாரமாக உன் எழுத்தைக் காணவில்லை. போன வெள்ளிக்கிழமை போனில் நவ்ஷாத் தம்பிதான் பேசினார். நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அடுத்த நாளும் அதையே சொன்னார். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது.

முப்பது பக்கமும் தமிழில் முடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வாசல் பக்கத்தை நீ சொன்னபடியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை. பேச்சு உன்னுடையது. பதவி உன்னுடையது. ஏழு வருடம் காத்திருந்தவளும் நீதான். நான் வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்திருந்தவள்.

நோட்டீஸ் அச்சாகிவிட்டது. சிவகாசியில் ராஜபாண்டியன் சாரின் மாணவர் ஒருவர் ஆப்செட்டில் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார். காலண்டர் சீசனில் அச்சடித்ததாலோ என்னவோ, உன் பெயரைச் சுற்றி ரோஜாப்பூ பார்டர். சார் வெட்கப்பட்டார். எனக்குப் பிடித்திருந்தது.

நான் எதுவும் தவறாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்.

அக்கா


சென்னை
19.10.2003

என் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை. நவ்ஷாத் சொன்னதுபோல நான் ஒரு மாதமாகக் குளித்துக்கொண்டும் இருக்கவில்லை.

முதல் பத்து நாள் உங்கள் மேல் கோபம். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் என் ஐந்து வருட உழைப்பை முருகம்மாள் கலைத்துப்போட்டதை, நீங்கள் முத்துமுத்தான எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தீர்கள். பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். '12.5.98. வாசலோரப் பெண் எழுந்து உள்ளே போனாள். என்னை அங்கே உட்காரச் சொன்னாள்.' அன்று நான் எழுதியது இவ்வளவுதான். 'முகம் கொடுக்காமல்' என்பது நோட்டில் இல்லை. அது சென்னைக்கு வந்து, ஆய்வேடு எழுதும்போது வந்த சொல்.

அதன் பிறகு உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அதில் ஒன்று இல்லை. பால் கொடுப்பவளுக்கு உள்ள இடம், அவளுக்கும் மேல் வயிற்றில் இருப்பவளுக்கு என்று எழுதினீர்கள். மூன்று மாதப் பிள்ளைக்காரி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள் என்றால், ஏன் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தூறலைப் பற்றி எழுதினீர்கள். ஆனைக்குட்டத்தைப் பற்றி எழுதினீர்கள். அப்போதுதான் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஆமாம் அக்கா. அப்போது மூன்றாவது மாதம். சொன்னால் அத்தா அனுப்பமாட்டார், அம்மா அழுவார்கள் என்று மறைத்து வந்தேன். ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் எல்லாம் போய்விட்டது. வேலையாலும் இல்லை, பயணத்தாலும் இல்லை, சிலருக்கு இப்படி ஆகும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் வீட்டில் சொன்னால் அந்தப் பதினோரு நாளைத்தான் குறை சொல்வார்கள் என்று பயந்தேன். நவ்ஷாதைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோடை முழுவதும் நான் தனியாக இருந்தேன். ஆய்வேட்டை எழுதியது அந்தக் கோடையில்தான். எல்லோரும் தனித்தனி என்று எனக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

பேச்சை மாற்றினால் நேர்காணலில் வைக்க என்னிடம் என்ன இருக்கும் என்று தெரியவில்லை. இரண்டு நாள் பொறுங்கள். யோசிக்கிறேன்.

தஹ்மீனா


விருதுநகர்
26.10.2003

என் தஹ்மீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு. அரிசியும் கடலைப்பருப்பும் களைந்துவைத்துவிட்டு எழுதுகிறேன். தீபாவளி முடிந்து ஊர் முழுவதும் வெடித்த தாள் கிடக்கிறது.

நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். அன்று டீ குடித்து முடிக்கும்போது முருகம்மாள், "ஒங்க தங்கச்சி பிள்ள இப்ப பள்ளிக்கூடம் போகுதாக்கா? அஞ்சு இருக்குமே" என்றாள். "இல்லையே, ரெண்டுதான்" என்றேன். அவள் விரலை மடக்கி எண்ணினாள். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "வாரேன்க்கா" என்று எழுந்தாள். வாசல் வரை போய் நின்று, "வந்த அன்னிக்கே ரெண்டு தடவ வெளிய போயி ஓங்கரிச்சாக. அய்யம்மாதான் மொதல்ல கண்டுபிடிச்சா" என்று மட்டும் சொன்னாள்.

நானும் உன்னைப் பார்த்தேன் தங்கச்சி. வெயில் என்று நினைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். மூன்று பிள்ளை பெற்றவள் நான். அந்தப் பெண்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டதை, ஐம்பது அடி தூரத்தில் பத்திரிகையை வைத்துக்கொண்டிருந்த நான் காணவில்லை. இரண்டு மாதமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் பேச்சு சரியா தவறா என்பதுகூட அப்புறம்தான்.

இப்போது அத்தா இல்லை, அம்மாவும் இல்லை. என்னிடம் சொல்லலாம். சொல்லிவிட்டாய். அது போதும்.

எட்டாம் தேதி எதைப் பேசினாலும் நான் முன் வரிசையில் இருப்பேன். தீபாவளிக்கு மூடிய பட்டாசு ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. முருகம்மாளும் அய்யம்மாளும் வரலாமா என்று கேட்டார்கள். ரோஜாப்பூ நோட்டீஸைப் பார்த்துக் கல்யாணம் என்று நினைத்தார்களாம். வேண்டாம் என்றால் சொல். அவர்களிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா


விருதுநகர்
11.11.2003

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் நோன்பு திறந்தாயா? பிளாஸ்கில் கொடுத்த கஞ்சி சூடு இருந்ததா? நேர்காணல் எப்படிப் போனது என்று கேட்கமாட்டேன். நீயே எழுது.

அவர்களை வரச் சொல்லி ஒரு வரி மட்டும் தந்தி மாதிரி எழுதியிருந்தாய். என்ன பேசப் போகிறாய் என்று எழுதவில்லை. 'முதுகுகளின் சமூகம் என்ற என் கருத்து தவறு. அது எப்படித் தவறானது என்பதுதான் இன்றைய விரிவுரை' என்று நீ தொடங்கியபோது ராஜபாண்டியன் சார் கையிலிருந்த நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தகம் போடுவதற்காக நான் குறிப்பெடுத்தேன். ஒரு இடத்தில் என் எழுத்து எனக்கே புரியவில்லை. அந்த வரி நினைவில் இருக்கிறது. 'நான் அவர்களை ஆராயப் போனேன். அவர்கள் பத்து நிமிடத்தில் என்னை ஆராய்ந்து முடித்து, எனக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டார்கள். அதை வாங்கிக்கொண்டு, ஒதுக்கிவிட்டார்கள் என்று எழுதினேன்.' அதற்கு மேல், அந்தப் பிள்ளை தங்கவில்லை என்று மூன்றே சொல்லில் சொல்லி நீ பக்கத்தைப் புரட்டினாய்.

அந்த மதுரைப் பெண், "மேடம், அப்போ நீங்க எழுதின மத்ததெல்லாம் சரின்னு நாங்க எப்படி நம்புறது?" என்று கேட்டாளே, நீ "நம்பாதீங்க. போய்ப் பாருங்க" என்றது எனக்குப் பிடித்தது. நீ அவசரமாக பஸ்ஸுக்குப் போனதும் அவள் நேராக முருகம்மாளிடம் போய் நோட்டைத் திறந்தாள். "நோட்ட மூடுனாத்தான் பேசுவேன்" என்றாள் முருகம்மாள். மூடினாள். ஆறு பிள்ளைகள் சுற்றி நின்று முக்கால் மணி நேரம் கேட்டார்கள். ஒருவரும் பரீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை.

அய்யம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ பேசும்போது, அன்று மூன்று மாதமாக இருந்த மகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, புஸ்தகத்துல என்னையக் கோவக்காரின்னா எழுதிருக்காக?"

"இல்ல அய்யம்மா. முகம் குடுக்காமப் போனேன்னு எழுதிட்டா. அதத்தான் இன்னிக்கு மாத்திச் சொன்னா."

"மூஞ்சி எங்கிட்டுக் குடுக்க? அவுக கூச்சப்பட்டுக்கிட்டு நின்னாக. பாத்தா இன்னும் கூசுவாகளேன்னு பாக்காமப் போனேன்." முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டாள். "டெல்லி வரைக்கும் போயிருச்சாக்கும் எம் பேரு?"

"பேரு போடலே."

"அதையாச்சும் போட்டிருக்கலாம்ல" என்றாள். முருகம்மாள் சிரித்துவிட்டாள், அவளும் சிரித்தாள். பிறகு மகளின் தலையைக் கோதிக்கொண்டு, "இவளும் அதும் ஒரு செட்டா இருந்திருக்கும்க்கா. ஒரே வருசத்துப் பிள்ளைக" என்றாள். மகளின் பெயர் பிரீத்திகா. டிவியில் கேட்டு வைத்ததாம். முன் பல் இரண்டும் விழுந்திருக்கிறது.

இன்னொன்று. மேசையில் வைத்த சோடாவை நீ தொடவே இல்லை என்று இரண்டு பேருக்கும் வருத்தம். நோன்பு என்று சொன்னேன். "தண்ணி கூடக் குடிக்காம அம்புட்டையும் நின்னுக்கிட்டே சொன்னாகளா?" என்று முருகம்மாள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு உன் பேச்சில் அதுதான் பெரிதாகப் பட்டிருக்கிறது.

உன் மச்சான் நோன்பு திறந்துவிட்டு, "எப்படிப் பேசுனா?" என்று கேட்டார். சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்தார்.

துஆக்களுடன்,
அக்கா


சென்னை
23.11.2003

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நலமாக இருக்கிறேன். சம்பிரதாயத்துக்காக இதை எழுதவில்லை. கஞ்சி திருமங்கலம் தாண்டும்வரை சூடாக இருந்தது. பக்கத்து சீட் அம்மாளுக்கும் ஊற்றிக் கொடுத்தேன்.

நேர்காணலில் ஒருவர், "ஊரே மேற்கோள் காட்டும் கருத்தை நீங்களே கைவிடுகிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் உங்கள் பங்களிப்பு என்ன?" என்றார். இனிமேல்தான் என்றேன். நேற்று முடிவு வந்தது. பதவி இந்தத் தடவை எனக்கு இல்லை. நவ்ஷாத் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்காகவாவது கொஞ்சம் அழலாம் என்று பார்த்தேன், வரவில்லை. இரவில் நன்றாகத் தூங்குகிறேன்.

சின்னப் புத்தகத்தைப் போடச் சொல்லுங்கள். ஆனால் இரண்டு திருத்தம். தமிழாக்கம் என்று உங்கள் பெயர் அட்டையில் வரவேண்டும், உள்ளே சின்ன எழுத்தில் அல்ல. அய்யம்மாளிடம் கேட்டு, அவள் சரி என்றால், அவள் பெயரும் அந்தப் பக்கத்தில் வரட்டும். ஊர்ப் பெயரையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள். ரோஜாப்பூ பார்டர் இருக்கட்டும்.

பெருநாளுக்கு நஸ்ரினுக்குத் துணி எடுக்க நேற்று மாலை கடைக்குப் போனேன். அவளுக்கு எடுத்து முடித்த பிறகு பிரீத்திகாவுக்கு ஒன்று எடுக்கலாம் என்று தோன்றியது. மஞ்சள் பாவாடை, பச்சைச் சட்டை. தனிப் பார்சலாக உங்கள் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். முருகம்மாள் வத்தல் வாங்க வரும்போது கொடுத்துவிடுங்கள்.

அளவு மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைக்காரர், "உங்க பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார்.

அஞ்சு என்றேன்.

உங்கள்
தஹ்மீனா